மை நாடா தீருமுன்

ரக்கூன் நகரத்துப் பொலிஸ் நிலையத்தில், மேசை மேல் ஒரு தட்டச்சு இயந்திரம் இருக்கிறது. அதன் அருகே போய் நின்று ஒரு விசையை அழுத்தினால், அதுவரை நீங்கள் பட்ட பாடெல்லாம் பத்திரமாகிவிடும். அதற்குப் பிறகு செத்தாலும் கவலையில்லை. அந்த மேசையிலிருந்தே மறுபடி எழுந்து நடக்கலாம். 1998இல் வந்த முதல் வடிவத்தில் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு தடவை சேமிக்கவும் ஒரு மை நாடா வேண்டும். நாடாக்களோ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். ஆகவே விளையாடுகிறவர் துப்பாக்கிக் குண்டுகளை எண்ணுவது போலவே, இன்னும் எத்தனை தடவை சேமிக்கலாம் என்பதையும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

‘ரெசிடென்ட் ஈவில் 2’ என்ற இந்த ஜப்பானிய விளையாட்டைப் பற்றி உலகத்தில் நிறையவே எழுதியாயிற்று. முந்தலில் இருந்து விளையாடுகிறவருக்கு அந்தத் தட்டச்சு இயந்திரம் வேறு பொருளாகத் தெரிகிறது. திரைக்குள் ஸோம்பி கடித்தால் போவது சில நிமிடங்களின் உழைப்பு. திரைக்கு வெளியே கரண்ட் போனாலும் அதே கதிதான்; ஆனால் அது எப்போது வரும் என்பதற்கு எந்தக் காலடிச் சத்தமும் கேட்காது. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டு பயங்களோடு விளையாடுகிறார். அவற்றில் ஒன்றை மட்டுமே விளையாட்டைச் செய்த கப்கொம் நிறுவனம் திட்டமிட்டுச் செய்தது.

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் ஏ3 வீதியில் இருக்கிறது முந்தல். மேற்கே களப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் உடப்பு, ஆண்டிமுனை போன்ற கடற்றொழில் ஊர்கள். வடமேற்கே, பறவை பறக்கும் வழியில் அளந்தால் முப்பது கிலோமீட்டர்கூட வராது, நுரைச்சோலை அனல் மின் நிலையம். ஒவ்வொன்றும் 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011இல் ஓடத் தொடங்கியது. 2014இல் மூன்றும் நிறைவாயின. இலங்கையின் மிகப் பெரிய மின் நிலையம் இதுதான். தீவுக்கு வெளிச்சம் கொடுக்கும் நிலக்கரி நம் மாவட்டத்துக் கரையில்தான் இறக்கப்படுகிறது, நம் காற்றில்தான் எரிகிறது. இருந்தாலும் நிலையம் பக்கத்தில் இருப்பதால் நமக்கு ஒரு நிமிட வெளிச்சம் கூடுதலாகக் கிடைத்ததில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி தாண்டியதும் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகச் செய்திகளிலெல்லாம் அந்தக் குரங்கு வந்தது. அன்று மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் திரும்பிவிட்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் திரும்பவில்லை. நிலக்கரி நிலையத்தைச் சுவிட்சைத் தட்டி எழுப்ப முடியாது. கொதிகலனைச் சிறிது சிறிதாகச் சூடேற்ற வேண்டும். அதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால் அடுத்த இரண்டு நாட்களும் நாடெங்கும் முறைவைத்து ஒன்றரை மணி நேர மின்வெட்டு. விடுமுறை நாள், காலை பதினொரு மணி: கணினியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொல்லாத நேரம் இல்லை. அன்று எத்தனை வீடுகளில் சேமிக்காத ஆட்டங்கள் அழிந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு மனம் கனக்கிறது. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருவர் மூன்று மணி நேரம் கவனமாகச் செய்த வேலை அழிவது, அது எந்த வேலையாக இருந்தாலும், இழப்புத்தான்.

பாதியில் கைவிட்ட பேய்

முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ 1996இல் வந்தது. ஜப்பானில் அதன் பெயர் ‘பயோஹசார்ட்’. ஷின்ஜி மிகாமி அதை இயக்கினார். ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு மாளிகை, அதற்குள் அகப்பட்ட சில பொலிஸார், குறைந்த குண்டுகள், நிறையக் கதவுகள். அது வெற்றி பெற்றதும் இரண்டாம் பாகத்தை ஹிதேகி கமியா என்ற இளைஞரிடம் கொடுத்தார்கள். அவர் இயக்கிய முதல் விளையாட்டு அது. மிகாமி தயாரிப்பாளராக மேலே நின்றார்.

இரண்டாம் பாகங்களின் வரலாற்றில் அபூர்வமான ஒன்று அப்போது நடந்தது. பாதிக்கும் மேல் முடிந்திருந்த வேலையை அவர்கள் தூக்கிப் போட்டார்கள். ரசிகர்கள் இன்றும் ‘ஒன்றரை’ என்று அழைக்கும் அந்தக் கைவிட்ட வடிவத்தில் பொலிஸ் நிலையம் சாதாரணமான, புதிய அலுவலகக் கட்டடமாக இருந்தது. எல்சா வாக்கர் என்ற பெண் நாயகி. ஒவ்வொரு துண்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தும், சேர்த்துப் பார்க்கையில் பயம் வரவில்லை. தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதிவந்த நொபொரு சுகிமுராவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். எல்சா, கிளேர் ரெட்ஃபீல்ட் ஆனாள்; முதல் பாகத்து நாயகன் கிறிஸ்ஸின் தங்கை, அண்ணனைத் தேடி வருகிறவள். இன்னொரு பக்கம் லியோன் கென்னடி, வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே ஊர் அழிந்து கிடப்பதைப் பார்க்கும் பொலிஸ்காரன். நிலையமும் மாறியது. முன்பு ஓவிய அருங்காட்சியகமாக இருந்த கட்டடம் என்று கதை கட்டினார்கள். அதனால்தான் ஒரு பொலிஸ் நிலையத்தின் நடுக்கூடத்தில் தேவி சிலை நிற்கிறது. 2019இல் வந்த புதிய வடிவத்தில், மூன்று பதக்கங்களைத் தேடிப் பொருத்தினால் அதன் அடியில் வழி திறக்கிறது. நம்பக்கூடிய கட்டடம்தானா என்று கேட்டால், இல்லை. மறக்க முடியாத கட்டடம். அலுவலகக் கட்டடத்தில் தொலைந்தவருக்கு அந்த இடம் நினைவில் நிற்காது. அருங்காட்சியகத்தில் தொலைந்தவர் இருபது வருடத்துக்குப் பிறகும் எந்தப் படிக்கட்டு எங்கே இறங்கும் என்று சொல்வார்.

1998 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதன் ஜப்பானிய விளம்பரப் படத்தை இயக்கியவர் ஜோர்ஜ் ரொமேரோ. 1968இல் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்து, கூட்டம் கூட்டமாக மெல்ல நடந்து வந்து மனிதரைத் தின்னும் பிணங்களை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். அவருக்கு முன்பு ஸோம்பி என்பது ஹெயிட்டித் தீவின் நம்பிக்கை. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் சந்ததியினர் சொன்ன கதை அது. செத்த பிறகும் ஓய்வில்லாமல் இன்னொருவனுக்கு உழைக்கும் உடம்பு, அவ்வளவுதான் ஸோம்பி. அது யாரையும் கடிக்கவில்லை. அதைக் கண்டு பயந்தவர்கள், தாங்களும் அப்படி ஆகிவிடுவோமோ என்றே பயந்தார்கள்.

கணினி வடிவம் 1999இல் வந்தது. இப்போது நம் பிள்ளைகள் விளையாடுவது அதை அல்ல. 2019 ஜனவரி 25இல் வெளியான, முற்றிலும் புதிதாகக் கட்டிய வடிவத்தை. பழையதில் கமரா சுவரில் ஆணியடித்தது போல ஒரே இடத்தில் நின்றது. மூலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாததே பயம். புதியதில் கமரா நாயகனின் தோளுக்குப் பின்னால் வருகிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றால் பயம் குறையுமே என்று பலர் நினைத்தார்கள். செய்தவர்கள் வெளிச்சத்தைப் பிடுங்கினார்கள். நிலையத்தின் பெரும்பகுதியில் கைவிளக்கு ஒன்றுதான் துணை. அந்த வட்டத்துக்கு வெளியே பழைய கமராவின் மூலைகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

எட்டுப் பொருள், அதற்கு மேல் இல்லை

இந்த விளையாட்டின் உயிர் பிணங்களில் இல்லை. பையில் இருக்கிறது.

தொடங்கும்போது எட்டுப் பொருளுக்குத்தான் இடம். கைத்துப்பாக்கி ஒன்று, அதன் குண்டு ஒன்று, கத்தி ஒன்று, பச்சிலை ஒன்று: பாதி நிரம்பிவிட்டது. சாவி எடுக்க வேண்டும், பதக்கம் எடுக்க வேண்டும், வெடிமருந்துத் தூள் கிடந்தால் அதையும் விட மனம் வராது. இரண்டைச் சேர்த்தால் குண்டாகும். இடுப்புப் பைகள் கிடைக்கக் கிடைக்க இடம் கூடி, கடைசியில் இருபது வரை போகும். அதற்குள் எத்தனையோ தடவை நல்ல பொருளைத் தரையில் விட்டுவிட்டு நடந்திருப்பீர்கள். ஜன்னல்களை அடைக்கப் பலகைகள் கிடைக்கும். ஜன்னல்கள் அதிகம், பலகைகள் குறைவு. எந்த நடைபாதையில் அதிகம் போய்வரப் போகிறோம் என்று ஊகித்து, அங்கே அறைய வேண்டும். ஊகம் பிழைத்தால் பிழைத்ததுதான். கண்ணாடி உடைந்து ஒன்று உள்ளே விழும்.

ஸோம்பியைச் சுடுவதா, சுற்றிப் போவதா என்பதுதான் ஒவ்வொரு நிமிடமும் எழும் கேள்வி. தலையில் சுட்டால் விழும் என்று சினிமா சொல்லித் தந்திருக்கிறது. இங்கே மூன்று குண்டும் ஆகலாம், ஆறும் ஆகலாம். விழுந்தது செத்ததா, படுத்திருக்கிறதா என்பதும் தெரியாது. காலில் சுட்டு முடமாக்கிவிட்டுக் கடந்து போகிறவர் குண்டை மிச்சம் பிடிக்கிறார். அரை மணி நேரம் கழித்து அதே வழியில் ஓடி வரும்போது அந்த மிச்சம் அவரது கணுக்காலைப் பிடிக்கிறது. போதாததற்கு, நீங்கள் விளையாடும் விதத்தைப் பார்த்து விளையாட்டே தன் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. தடுமாறுகிறவருக்குக் கொஞ்சம் இளகும். கெட்டிக்காரருக்கு இறுகும்.

இதை விளையாடும்போது எனக்கு 2022இன் பொருளாதார நெருக்கடி நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. அந்த ஆண்டு மார்ச் 31இல் மின்வெட்டு பதின்மூன்று மணி நேரத்தைத் தொட்டது. ஏப்ரல் நடுவில் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடவையில் 1,000 ரூபாய்க்கு மேல் பெற்றோல் இல்லை என்றார்கள். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். மண்ணெண்ணெய் இல்லாமல் இந்தக் கரையின் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. ஒவ்வொரு வீடும் எண்ணப் பழகியது. எரிவாயு எத்தனை நாளுக்கு, பால்மா எத்தனை கோப்பைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தால் டாங்கியில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும். எதை எடுத்து எதை விடுவது என்று தெரிந்தெடுக்கும் வேலையை நாங்கள் எந்த விளையாட்டிலும் கற்கவில்லை.

அப்படியானால் அதே நெருக்கடியை இரவில் காசு கொடுத்து ஏன் மறுபடி அனுபவிக்க வேண்டும்? பெரியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. நான் கண்ட பதில் இது: ரக்கூன் நகரத்தின் தட்டுப்பாட்டில் ஒரு நீதி இருக்கிறது. ஒவ்வொரு குண்டையும், ஒவ்வொரு பச்சிலையையும் ஒரு மனிதர் யோசித்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார். கவனமாக நடந்தால் கடைசி வரை போதும் என்ற உறுதி அதற்குள் இருக்கிறது. பற்றாக்குறை உங்களை நெருக்கும், ஆனால் ஏமாற்றாது. 2022இல் அப்படி எந்த உறுதியும் இல்லை. இரவிரவாக வரிசையில் நின்றவருக்கும் முறை வரும்போது தாங்கி காலியாகலாம். கவனமாக நடந்தவரும் வெறுங்கையோடு திரும்பினார். கவனத்துக்குப் பலன் உண்டு என்கிற ஓர் உலகத்துக்குள் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவது, அந்த வருடத்தைத் தாண்டி வந்த ஒருவருக்கு இளைப்பாறுதல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரத்தமும் அலறலும்தான் தெரியும். உள்ளே இருப்பவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கணக்குச் சரிவருகிறது.

சரிவராத ஒன்றையும் உள்ளே விட்டிருக்கிறார்கள். பாதி வழியில், எரிந்து விழுந்த ஹெலிகொப்டரைத் தூக்கி நகர்த்திக்கொண்டு ஓர் உருவம் வரும். நீளக் கோட்டு, தொப்பி, சாம்பல் முகம். ரசிகர்கள் அவரை மிஸ்டர் எக்ஸ் என்பார்கள். சாதாரணக் குண்டுகளால் அவரைக் கொல்ல முடியாது. 1998இல் அவர் குறித்த இடங்களில் மட்டும் சுவரை உடைத்துக்கொண்டு வந்து போனார். புதியதில் கட்டடம் முழுக்க நடந்து தேடுகிறார். மேல் மாடியில் அவர் நடப்பது கீழே கேட்கும். பக்கத்து அறையில் கதவு திறப்பது கேட்கும். ஹெட்போன் போட்டால் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று காது சொல்லிவிடும். நீங்கள் துப்பாக்கியால் சுட்டால் அந்தச் சத்தத்தைத் தேடி வருவார். ஆகவே குண்டு இருந்தும் சுடக் கூடாது என்ற நிலை வருகிறது. ஒலியை வைத்தே ஒரு முழு எதிரியைக் கட்டியிருக்கிறார்கள். இதுபோல ஒலி வேலை செய்த இன்னொரு விளையாட்டை நான் விளையாடியதில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு விளையாடுங்கள்.

சாக்கடையில் போன கிருமி

கதையில் ஊர் எப்படி அழிந்தது? அம்ப்ரெல்லா என்ற மருந்துக் கம்பனி நிலத்துக்கு அடியில் ஆய்வுகூடம் வைத்திருக்கிறது. வில்லியம் பேர்க்கின் என்ற விஞ்ஞானி புதிய வைரஸ் ஒன்றை உருவாக்குகிறார். கம்பனியே ஆள் அனுப்பி அதைப் பறிக்கிறது. அந்தக் கைகலப்பில் வைரஸ் குப்பிகள் சாக்கடையில் உடைகின்றன. எலிகள் அதைச் சுமந்து போகின்றன. தண்ணீர் வழியே ஊருக்குள் ஏறுகிறது.

இந்த இடத்தை முந்தலில் பிறந்தவர் கதையாக மட்டும் படிக்க முடியாது. களப்பைச் சுற்றிப் பாருங்கள். வரப்புக் கட்டிய சதுரக் குளங்கள், பலவும் பாழாகிக் கிடக்கின்றன; இவை இறால் பண்ணைகள். 1980களில் புத்தளம் மாவட்டத்துக் கரையில் இந்தத் தொழில் பெருகியது. கண்டலை வெட்டி, சதுப்பை வெட்டி, கடன் எடுத்துக் குளம் தோண்டினார்கள். வெளிநாட்டுக்குப் போகும் கறுப்புப் புலி இறால். பத்தாண்டு முடியுமுன்பே முதல் வைரஸ் வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய். ஓட்டில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால், மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஒரு குளம் முழுவதும் மிதந்துவிடும். மருந்து கிடையாது. 1998இல் மறுபடி ஓர் அலை. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ உலகக் கடைகளுக்கு வந்த அதே ஆண்டு.

நோய் பரவிய வழிதான் முக்கியம். எல்லாக் குளங்களுக்கும் தண்ணீர் ஒன்று. ஒல்லாந்தர் தங்கள் வாணிபத்துக்காக வெட்டிய கால்வாய் சிலாபம் களப்பையும் முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் தொடுக்கிறது. ஒரு குளத்துக்காரர் அதிலிருந்து நீர் எடுப்பார், கழிவு நீரையும் அதிலேயே விடுவார். நோய் விழுந்த குளத்தைப் பயந்து ஒருவர் இரவோடிரவாகத் திறந்து விட்டால், விடிவதற்குள் அது அடுத்தவரின் குழாய் வாசலில் நிற்கும். செலவழித்து மோட்டார் போட்டு அந்த நீரை உள்ளே இழுப்பவரும் அவரேதான்.

விளையாட்டில் குற்றவாளி ஒரு கம்பனி. பெயர்ப் பலகை இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது, கடைசியில் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது. களப்பில் அப்படி ஓர் அம்ப்ரெல்லா இல்லை. பெரிய கம்பனிகளும் இருந்தன, மனைவியின் நகையை அடகு வைத்து ஒற்றைக் குளம் போட்டவர்களும் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நீரில் எடுத்து ஒரே நீரில் விட்டார்கள். பரிகாரமும் வீரதீரமாக வரவில்லை. கரையை வலயங்களாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று ஒரு நாட்காட்டி போட்டார்கள். தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து அதை நடத்துகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தண்ணீரைத் தொடாமல் இருப்பது, இவ்வளவுதான் மருந்து. கொள்ளைநோயை வென்ற கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. துப்பாக்கியோடு ஒருவர் உள்ளே போய் முடித்த கதை எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த வேறுபாட்டை ஒரு பதினெட்டு வயதுப் பையனோடு பேச வேண்டுமானால், அவன் சாக்கடை மட்டத்தை முடித்துவிட்டு வரும் நாளைவிட நல்ல நாள் கிடைக்காது.

அந்தச் சாக்கடைக்குப் போகும் வழியில் ஒரு துப்பாக்கிக் கடை வரும். கடைக்காரர் ரொபேர்ட் கென்டோ. பழைய வடிவத்தில் அவர் வந்த வேகத்தில் செத்துப் போகும் ஒரு சின்னப் பாத்திரம். புதியதில் அவருக்கு ஒரு சிறு மகள். அவளுக்குக் கிருமி ஏறிவிட்டது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தவர், மகளைக் கண்டதும் தகப்பனாகிவிடுகிறார். அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். லியோன் வெளியே நிற்கிறான், நாமும் நிற்கிறோம். இருபது வருடத்துக்குப் பின் ஒரு கதையை மறுபடி சொல்லும்போது எதைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு இந்தச் சில நிமிடங்கள் சாட்சி. குண்டு கூட்டவில்லை, இரத்தம் கூட்டவில்லை. ஒரு பிள்ளையைச் சேர்த்தார்கள்.

டொலரில் ஒரு விலை

வெளியான நாளில் அமெரிக்காவில் இதன் விலை 60 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 11,000 ரூபாய். பின்னர் 40 டொலராகக் குறைத்தார்கள். 2022 மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, அந்தக் குறைந்த விலை நமக்கு 14,000 ரூபாயைத் தாண்டியது. விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கியும் நமக்கு ஏறியது. வருடத்தில் சில தடவை ஸ்டீம் தளத்தில் பெரிய கழிவு வரும். அதற்குக் காத்திருப்பதுதான் வழி. திருட்டுப் பிரதியைப் பற்றி அறிவுரை சொல்ல நான் தயாரில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நூற்றுக்கணக்கானோர் வருடக் கணக்கில் செய்த வேலைக்குக் காசு கொடுக்க விரும்பியும் முடியாதவர்களும், முடிந்தும் கொடுக்காதவர்களும் ஒரே ஆட்கள் அல்லர்.

கணினி விடயத்தில் கப்கொம் ஓரளவு இரக்கம் காட்டியது. 8 ஜிபி நினைவகம், நான்காம் தலைமுறை கோர் ஐ5, 2 ஜிபி கொண்ட ஜிடிஎக்ஸ் 760 போன்ற ஒரு கிராபிக்ஸ் கார்ட், 26 ஜிபி இடம். வெளியான நாளில் இதுவே குறைந்தபட்சம். கொழும்பில் அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கி, பழைய கார்ட் ஒன்றைச் செருகினால் ஓடும். 2022 ஜூன் நடுவில் ஒரு சோதனை வந்தது. புதிய ஒளித் தொழில்நுட்பம் சேர்த்துக் கணினி வடிவத்தை மேம்படுத்துகிறோம் என்று கப்கொம் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. நேற்று வரை ஓடிய பழைய இயந்திரங்கள் பல அடுத்த நாள் தடுமாறின. உலகம் முழுவதிலிருந்தும் முறைப்பாடு. சில நாட்களுக்குள் பழைய வடிவத்தையும் தெரிவு செய்யலாம் என்று திறந்து விட்டார்கள். பெற்றோல் இல்லாத, கரண்ட் நிலைக்காத அந்த ஜூனில், பழைய இயந்திரக்காரரின் குரல் எங்கோ ஒசாக்காவிலுள்ள கப்கொமுக்குக் கேட்டது என்பது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. காசைக் கொடுக்கும் முன் ஸ்டீமில் இருக்கும் இலவச டெமோவை இறக்கி, உங்கள் பெட்டி தாங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வயது விடயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஐரோப்பாவில் இதற்கு 18 வயது முத்திரை. அது சரியான முத்திரை. தலை பிளப்பதும் தாடை கிழிவதும் இதில் நுணுக்கமாகக் காட்டப்படுகின்றன. கொரோனாக் காலத்தில் பாடத்துக்கென்று வாங்கிய மடிக்கணினி வீட்டில் இருக்கிறது. தகப்பன் கட்டாரில், தாய் சமையலறையில். பத்து வயதுத் தம்பி அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறான். இந்தக் கரையில் இது வழக்கமான காட்சி. அண்ணன்மாருக்குத்தான் இதைச் சொல்கிறேன், அவர்களால்தான் முடியும்: தம்பியை அனுப்பிவிட்டு ஹெட்போனைப் போடுங்கள்.

இன்னொரு குறை, என்னை அதிகம் உறுத்துவது. இந்த விளையாட்டு வாசிக்கத் தெரிந்தவனுக்கே திறக்கும். பூட்டுகளின் எண்கள் கடிதங்களில் ஒளிந்திருக்கின்றன. செத்துப்போன காவலர்களின் நாட்குறிப்பில் எந்த அறைக்கு எப்படிப் போவது என்று எழுதியிருக்கிறது. பொலிஸ் அதிபர் எப்படிப்பட்டவர் என்பதும் காகிதங்களைப் படித்தால்தான் புரியும். நம் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆங்கிலத்தில். வேறு பல மொழிகளிலும் எழுத்து வருகிறது. அவற்றில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. தமிழ் மொழி மூலம் படித்த பையன் அகராதியைத் திறந்து வைத்து விளையாடுவான், அல்லது யூடியூபில் ஒருவர் திறப்பதைப் பார்த்து எண்ணை மட்டும் அடிப்பான். இரண்டாமவனுக்குக் கதவு திறக்கிறது, கதை திறக்கவில்லை. 2016இல் ‘மிருதன்’ வந்தபோது தமிழ் சினிமா ஸோம்பியைத் தமிழில் பேச வைத்தது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே முருங்கை மரத்தில் தொங்கிய பிணத்துக்குள் ஒரு வேதாளத்தை ஏற்றி, அது தூக்கிச் சுமப்பவனிடம் புதிர் போடும் என்று கதை சொன்ன மரபு நம்முடையது. பிணமும் புதிரும் நமக்கு அந்நியமில்லை. விளையாட்டு மட்டும் இன்னும் வரவில்லை.

வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்குரிய இடம் இந்தக் களப்பங்கரையிலேயே இருக்கிறது. கைவிட்ட இறால் குளங்கள், நடுவே ஒற்றையடி வரப்பு, ஒல்லாந்தர் கால்வாய், கரண்ட் போய்வரும் ஊர். ஜெனரேட்டருக்கு டீசல் எடுப்பதா, வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் எடுப்பதா என்று தெரிவு செய்ய வேண்டிய பை. மை நாடாவுக்குப் பதில் மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் சேமிக்கலாம் என்று ஒரு விதி. குளங்களை எந்த வரிசையில் மூடினால் நோய் அடுத்த வலயத்துக்குப் போகாது என்று ஒரு புதிர். அதற்கு விடை களப்பில் இறங்கி வேலை செய்த எந்த மாமாவிடமும் கேட்கலாம். எழுத்து முழுவதும் தமிழில், பக்கத்தில் சிங்களத்தில்.

செய்வதற்கு ஒசாக்கா அளவு ஆளும் பணமும் வேண்டியதில்லை. தனி ஒருவரும் இருவருமாகச் செய்த பயமுறுத்தும் விளையாட்டுகள் உலகத்தில் ஏராளம். கோடோ என்ற மென்பொருளை இலவசமாக இறக்கலாம். அதன் மூல நிரலும் திறந்தே இருக்கிறது. ‘ரெசிடென்ட் ஈவில் 2’ஐ இழுக்கத் திணறும் அந்தப் பழைய 8 ஜிபி பெட்டியில் அது தாராளமாக ஓடும். வேலையை அடிக்கடி சேமித்துக்கொள்ள வேண்டும், அதை முந்தல் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.